டிராவல் டிரெய்லருக்கு டயர் மாற்றும்போது: பிராண்டுக்கு முன்னால் போட வேண்டிய கணக்கு

அமெரிக்காவில் பரவலாக ஓடும் ஒரு வகை டிராவல் டிரெய்லரை, அதாவது பிக்கப் போன்ற வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டியை எடுத்துக்கொள்வோம். அடியில் இரண்டு ஆக்சில். ஒவ்வொன்றும் 3,500 பவுண்டு தாங்கும், ஆக மொத்தம் 7,000 பவுண்டு. சில ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்த அளவு வண்டிகள் பலவற்றில் கம்பெனியே மாட்டி அனுப்பிய டயர் எஸ்டி205/75ஆர்14, லோடு ரேஞ்ச் சி (டயருக்குள் எவ்வளவு காற்று வரை அடைக்கலாம் என்பதைச் சொல்லும் எழுத்து). 50 பிஎஸ்ஐ காற்றடித்தால் இந்த டயர் ஒன்று 1,760 பவுண்டு தாங்கும். நான்குக்கு 7,040. ஆக்சில் தாங்குவதைக் கழித்தால் மிச்சம் 40 பவுண்டு.

ஐந்து கேலன் தண்ணீர் கேன் ஒன்றை நிரப்பினால் அதன் எடை சுமார் 42 பவுண்டு. முழுச் சுமை ஏற்றிய டிரெய்லருக்கும் டயரின் எல்லைக்கும் நடுவே இருந்த இடைவெளி அந்த ஒரு கேன் தண்ணீர்கூட இல்லை. அதுவும் நான்கு டயர்களிலும் எடை சமமாக விழுந்தால்தான். நிஜத்தில் அப்படி விழுவதில்லை. சமையல் மேடை, ஃபிரிட்ஜ், வெளியே தள்ளும் ஸ்லைடு அறை எல்லாம் ஒரே பக்கமாக அமைந்த வண்டிகள் ஏராளம். 7,000 பவுண்டில் இடப்பக்கம் 3,700, வலப்பக்கம் 3,300 என்று பிரிந்தால் இடப்பக்க டயர் ஒவ்வொன்றும் 1,850 பவுண்டு சுமக்கிறது. எடைமேடைச் சீட்டில் ஆக்சில் எடை சரியாக இருக்கும். டயரோ எல்லையைத் தாண்டி 90 பவுண்டு கூடுதலாகச் சுமந்துகொண்டிருக்கும்.

டிரெய்லர் டயர் வெடித்தால் முதலில் பழி விழுவது பிராண்டின் மீது. எந்த டயர் நல்லது என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வியும். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. சுமைக்கு மேல் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, டயருக்கு என்ன வயது, எவ்வளவு காற்று நிற்கிறது என்ற மூன்றும் சரியாக இருந்தால் நடுத்தர டயர்கூட ஒழுங்காக உழைக்கும். இவை தவறினால் விலை உயர்ந்த டயரும் கிழியும்.

மிச்சத்தை ஏன் நாமே சேர்க்க வேண்டும்

2000-ல் ஃபயர்ஸ்டோன் டயர்களும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் விபத்துகளும் பெரும் பிரச்சினையானபோது அமெரிக்க நாடாளுமன்றம் 'டிரெட்' சட்டத்தை நிறைவேற்றியது. அதன் விளைவாக கார், இலகு டிரக் டயர்களுக்கு எஃப்எம்விஎஸ்எஸ் 139 என்ற கடுமையான பாதுகாப்புத் தரம் வந்தது. குறைந்த காற்றில் ஓட்டிப் பார்க்கும் சோதனையும் அதில் சேர்ந்தது. ஆனால் எஸ்டி டயர்கள், அதாவது 'ஸ்பெஷல் டிரெய்லர்' டயர்கள், அந்தப் புதிய தரத்துக்குள் வரவில்லை. 1970-களிலிருந்து இருந்துவரும் எஃப்எம்விஎஸ்எஸ் 119-ன் கீழேயே அவை நின்றுவிட்டன. கார் டயரின் பக்கச் சுவரில் தேய்மானம், பிடிப்பு, வெப்பம் தாங்கும் திறன் ஆகியவற்றுக்கு மதிப்பெண் அச்சிட்டிருப்பார்கள். எஸ்டி டயரில் அதைத் தேட வேண்டாம், இருக்காது.

இன்னொரு விஷயமும் உண்டு. ஒரே அளவு டயரில் டிரக்குக்கான எல்டி வகையைவிட எஸ்டி வகைக்குக் கூடுதல் சுமை எழுதியிருக்கும். 235/85ஆர்16, லோடு ரேஞ்ச் இ, 80 பிஎஸ்ஐ என்ற கணக்கில் எல்டி டயர் 3,042 பவுண்டு, எஸ்டி டயர் 3,640. எஸ்டி டயரில் ரப்பரும் இரும்பும் அந்த அளவுக்குக் கூடுதலாக இருக்கிறது என்று இதற்குப் பொருளில்லை. டிரெய்லர் மணிக்கு 65 மைலுக்கு மேல் போகாது என்ற அனுமானத்தில் போட்ட சுமைக் கணக்கு அது. இன்றைய எஸ்டி டயர்கள் பலவற்றில் எம் (81 மைல்), என் (87 மைல்) என்று வேக எழுத்து இருக்கிறது. சுமைக் கணக்கு மட்டும் பழையதுதான்.

இதனால்தான் ஆர்வி (வீட்டு வண்டி) தொழில் சங்கமான ஆர்விஐஏ, தன் முத்திரை பெறும் டிராவல் டிரெய்லர்களில் டயரின் தாங்கும் திறன் ஆக்சில் அளவைவிட 10 சதவீதமாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்று 2017 செப்டம்பரிலிருந்து விதித்தது. அதற்கு முன் வந்த வண்டிகளில் அந்த 10 சதவீதம் இருக்கும் என்று நம்ப முடியாது. டயர் மாற்றும்போது உரிமையாளர்தான் சேர்த்தாக வேண்டும். குறைந்தது 15 சதவீதம் வைப்பது நல்லது, 20 கிடைத்தால் இன்னும் நல்லது.

முதலில் சொன்ன வண்டிக்கு அதே 14 அங்குல அளவில் லோடு ரேஞ்ச் டி கிடைக்கிறது. 65 பிஎஸ்ஐயில் ஒரு டயர் 2,040 பவுண்டு, நான்குக்கு 8,160. மிச்சம் 16 சதவீதத்துக்கு மேல். டயரின் உயரமோ அகலமோ மாறுவதில்லை, ரிம் அனுமதித்தால் அப்படியே மாட்டலாம். 15 அங்குல டயர் போட்ட வண்டிகளில் எஸ்டி225/75ஆர்15 தான் அதிகம். அதில் சி 2,150, டி 2,540, இ 2,830 பவுண்டு. 4,400 பவுண்டு ஆக்சில் இரண்டு உள்ள வண்டிக்கு சி பற்றவே பற்றாது (நான்குக்கு 8,600, தேவை 8,800). டி போட்டால் 15 சதவீதம் மிச்சம், இ போட்டால் 28.

எல்டி டயரை மாட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 16 அங்குல ரிம் இருந்து, எல்டியின் குறைந்த சுமைக் கணக்கிலும் 15 சதவீதம் மிச்சம் வந்தால் தாராளமாக மாட்டலாம். கார் டயரை டிரெய்லரில் போட்டால் அதில் எழுதிய சுமையை 1.1-ஆல் வகுத்துத்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது விதி. பெரும்பாலான டிராவல் டிரெய்லர்களுக்கு அது போதாது.

லோடு ரேஞ்ச் எழுத்து தனியாகச் சுமக்காது

எஸ்டி225/75ஆர்15 அளவில் 50 பிஎஸ்ஐ அடித்தால் 2,150 பவுண்டு. 65-க்கு 2,540, 80-க்கு 2,830. டயர் சி, டி, இ எதுவானாலும் இந்த அட்டவணை ஒன்றுதான். இ டயர் வாங்கி, பழக்கதோஷத்தில் 50 பிஎஸ்ஐ அடித்து ஓட்டினால் அதன் தாங்கும் திறன் பழைய சி டயருக்குச் சமம். சுமையைத் தாங்குவது உள்ளே இருக்கும் காற்று. அந்தக் காற்றைத் தாங்கிப் பிடிப்பதுதான் டயரின் வேலை. லோடு ரேஞ்ச் எழுத்து சொல்வது, இந்த டயருக்குள் எவ்வளவு காற்று வரை அடைக்கலாம் என்பதை மட்டுமே.

கூடுதல் காற்று என்றதும் வால்வும் ரிம்மும் கணக்கில் வந்துவிடுகின்றன. டயரைத் தேர்ந்தெடுப்பவர்கள் அதிகம் கோட்டைவிடும் இடம் இது. சாதாரண ரப்பர் வால்வான டிஆர்413-ன் எல்லை 65 பிஎஸ்ஐ. லோடு ரேஞ்ச் இ டயர் போட்டு 80 அடிப்பதானால் 100 பிஎஸ்ஐ வரை தாங்கும் டிஆர்600எச்பி வால்வு வேண்டும், அல்லது நட்டு போட்டு இறுக்கும் உலோக வால்வு வேண்டும். டயர் கடையில் கேட்காமல் விட்டால் கையில் கிடைக்கும் 413-ஐயே மாட்டிவிடுவார்கள். வால்வு நுனியில் திருகும் காற்றழுத்த சென்சார் வைக்கும் எண்ணம் இருந்தால் உலோக வால்வைத் தவிர வேறு யோசனையே வேண்டாம். சென்சாரின் எடையால் சக்கரம் சுற்றும்போது ரப்பர் வால்வு வளைந்துகொண்டே இருக்கும். அடிப்பகுதியில் மெல்லிய வெடிப்பு விழுந்து, ஒருநாள் நெடுஞ்சாலையில் காற்று முழுவதும் போய்விடும். ஏற்கெனவே இருக்கும் வால்வை விரலால் ஒரு பக்கமாகச் சாய்த்து அடிப்பகுதியைப் பார்த்தாலே வெடிப்பு தெரியும்.

ரிம்மின் பின்புறத்தில் அது தாங்கும் எடை பொறித்திருக்கும், சிலவற்றில் காற்றழுத்த எல்லையும் இருக்கும். ரிம் 2,150 பவுண்டுதான் தாங்கும் என்றால் 2,830 பவுண்டு டயரைப் போட்டும் சக்கரத்தின் திறன் 2,150-தான். ஆக்சில் அளவும் அதற்கேற்பக் கூடிவிடாது. பெரிய டயர் போட்டதால் இன்னும் கொஞ்சம் சாமான் ஏற்றலாம் என்று நினைத்தால் மிச்சம் வைத்ததன் பயனே போய்விடும்.

14 அங்குலத்திலிருந்து 15-க்கு மாற விரும்புகிறவர்கள் டேப் எடுத்து அளந்துவிட்டுத்தான் ஆர்டர் கொடுக்க வேண்டும். எஸ்டி205/75ஆர்14 டயரின் விட்டம் சுமார் 26.1 அங்குலம், எஸ்டி225/75ஆர்15-க்கு 28.3. மேலே சக்கரக் குழியின் தகரத்துக்கும் டயருக்கும் இடையில் ஓர் அங்குலத்துக்கு மேல் குறையும், முன்னும் பின்னுமாக இருக்கும் இரண்டு டயர்களுக்கு நடுவே 2.2 அங்குலம் குறையும். சாமான் ஏற்றிய நிலையில் அளக்க வேண்டும். இரண்டு ஆக்சில் வண்டியில் ஸ்பிரிங் பட்டைகளை இணைக்கும் ஈக்வலைசர் தராசு போல வேலை செய்வதால், ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது பக்கத்துச் சக்கரம் மேலே எழும்பும். நின்ற நிலையில் போதும் என்று தோன்றிய இடைவெளி அப்போது போதாமல் போகும்.

டயர் எப்படிக் கிழிகிறது

டிரெய்லர் டயரில் பட்டன் தேய்ந்து மொட்டையாவது அபூர்வம். அது சாவது வேறு விதமாக. டயரின் ஓடுதளத்துக்கு அடியில் இரும்புக் கம்பியால் பின்னிய இரண்டு பெல்ட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக, குறுக்காக ஒட்டியிருக்கும். பெட்ரோல் பங்கிலோ முகாமிலோ வண்டியை இறுக்கித் திருப்பும்போது பார்த்தால் தெரியும்: முன் ஆக்சில் டயரின் அடிப்பாகம் ஒரு பக்கம் இழுபடும், பின் ஆக்சில் டயர் எதிர்ப்பக்கம் இழுபடும், சைடுவால் முறுக்கிக்கொண்டு நிற்கும். டிரெய்லர் சக்கரம் திரும்பாது என்பதால் இரண்டு ஆக்சில்களும் ஒன்றையொன்று தரையில் தேய்த்துத்தான் திருப்பத்தை முடிக்கின்றன. அப்போது அந்த இரண்டு பெல்ட்டுகளும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கப் பார்க்கும். அந்த இழுவை முழுவதும் பெல்ட்டின் ஓரத்தில் உள்ள ரப்பரில் விழுகிறது.

அங்கே முதலில் மயிரிழை வெடிப்பு விழும். வெளியே எதுவும் தெரியாது. ஒவ்வொரு திருப்பத்திலும் வெப்பத்திலும் அது நீண்டுகொண்டே போய், வெயில் நாளில் நெடுஞ்சாலையில் ஓடுதளம் முழுவதும் பட்டையாகப் பிய்ந்து சுழலும். சக்கரக் குழியின் தகரம், தரைப்பலகை, பிரேக் ஒயர், சில வண்டிகளில் கேஸ் குழாய் வரை அந்தப் பட்டை அடித்து நொறுக்கிவிடும். வண்டியோட்டி 'டயர் வெடித்தது' என்பார். வெடிப்பு ஆரம்பித்து மாதக்கணக்காகியிருக்கும்.

காற்று குறைந்தால் சைடுவால் அதிகம் வளையும், சூடு ஏறும், பெல்ட்டின் ஓரத்தில் இழுவையும் கூடும். ஆகவே பெரும்பாலான இரண்டு ஆக்சில் டிரெய்லர்களுக்குப் பொருந்தும் வழக்கம், சைடுவாலில் எழுதியிருக்கும் அதிகபட்சக் காற்றை டயர் குளிர்ந்த நிலையில் அடிப்பது. சி-யிலிருந்து இ-க்குத் தாவி மிச்சம் மிக அதிகமாக இருந்தால் மட்டும், நிஜமாக எடை போட்டுப் பார்த்து 65 முதல் 70 பிஎஸ்ஐயில் ஓட்டலாம். இலகுவான வண்டியில் 80 அடித்தால் உள்ளே அலமாரிக் கதவுகளும் திருகுகளும் கழன்றுவிடும். எப்படியானாலும் வண்டியின் ஸ்டிக்கரில் எழுதிய அளவுக்குக் கீழே இறங்கக் கூடாது.

காலையில் ஓடுவதற்கு முன், வெயில் படுவதற்கு முன் அளப்பதுதான் குளிர்ந்த அளவு. வெப்பநிலை 10 டிகிரி ஃபாரன்ஹீட் மாறினால் காற்றழுத்தம் ஏறக்குறைய 2 சதவீதம் மாறும். ஃபீனிக்ஸில் 40 டிகிரி செல்சியஸ் வெயிலில் நிற்கும் வண்டிக்கு 65 பிஎஸ்ஐ அடித்துவிட்டு ஃப்ளாக்ஸ்டாஃப் மலையேறினால், மறுநாள் விடியற்காலையின் 8 டிகிரி குளிரில் அது 60-ஐ ஒட்டி இறங்கியிருக்கும். அங்கேயே திரும்ப நிரப்ப வேண்டும். மாறாக, ஓடி நின்ற டயரில் 75 காட்டுகிறதே என்று காற்றைத் திறந்துவிடுவது பெரும் பிழை. ஆறியபின் அது 65-க்கும் கீழே வந்து நிற்கும்.

எடைமேடையும் டயரின் வயதும்

கணக்கெல்லாம் நிஜமான எடையில் நிற்க வேண்டும். நெடுஞ்சாலை டிரக் நிறுத்தங்களில் இருக்கும் கேட் ஸ்கேல் எடைமேடையில் பிக்கப்பின் முன் ஆக்சில், பின் ஆக்சில், டிரெய்லர் ஆக்சில்கள் என்று மூன்றையும் தனித்தனியே காட்டும். தண்ணீர், கேஸ், சாமான் எல்லாம் பயணத்துக்குப் புறப்படும் அளவுக்கு ஏற்றிக்கொண்டு போக வேண்டும். வெற்று வண்டியை எடை போட்டுப் பயனில்லை. அங்கே இட வலம் பிரித்துத் தெரியாது என்பதால், ஒவ்வொரு சக்கரமாக எடை போட்டுத் தரும் வாய்ப்பு கிடைத்தால் விடக் கூடாது.

டயரின் வயதை, பக்கச் சுவரில் பொறித்திருக்கும் டிஓடி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் சொல்லும். 3423 என்றால் 2023-ன் 34-வது வாரம். முழு எண் டயரின் ஒரு பக்கத்திலாவது இருக்க வேண்டும் என்பதுதான் விதி, இரு பக்கமும் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அது உட்பக்கமாக மாட்டப்பட்டிருந்தால் டார்ச் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்துத்தான் படிக்க முடியும். புது டயர் வாங்கும்போது ரிம்மில் ஏற்றுவதற்கு முன்பே இந்த எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்குள் தயாரானது உத்தமம். ஒரு வருடம் தாண்டியிருந்தால் வேறு கேளுங்கள், ஏனென்றால் உங்கள் டயரின் ஆயுளில் ஒரு வருடம் கடை அலமாரியிலேயே போய்விட்டது. நின்றுகொண்டே இருக்கும் வண்டியில் வெயிலும் ஓசோனும் ரப்பரை இறுக்கிவிடும். பட்டன் புதிது போலிருந்தாலும் ஐந்து வருடத்தில் மாற்றுவது நியாயமான வழக்கம்.

ஸ்டெப்னியை மறந்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது வண்டியோடு வந்த அதே வயது டயர், பின் பம்பரில் வெயிலில் தொங்கியபடி வயதாகியிருக்கும். நான்கு மாற்றும்போது ஐந்தாவதையும் மாற்றுவதுதான் முறை.

இருக்கும் டயர் இன்னும் ஒரு பயணம் தாங்குமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஒரு பென்சிலை ஓடுதளத்துக்கு மயிரிழை தூரத்தில் அசையாமல் பிடித்துக்கொண்டு, கையால் மெதுவாகச் சுற்றுங்கள். ஓரிடத்தில் மட்டும் டயர் எழும்பிப் பென்சிலைத் தொட்டால், அல்லது பட்டன் வரிசை பக்கவாட்டில் நெளிந்தால், பெல்ட் பிரிய ஆரம்பித்துவிட்டது. அந்த டயர் அடுத்த ஊர்வரைகூட வேண்டாம். உள் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் டயரைக் குறை சொல்ல வேண்டாம். ஆக்சில் வளைந்திருக்கிறது அல்லது சுமை அதிகம். அதைச் சரிசெய்யாமல் புது டயர் மாட்டினால் அதுவும் அப்படியே தேயும்.

இனி பிராண்டு

'சைனா பாம்' (சீன வெடிகுண்டு) என்று ஒரு வசைப்பெயர் அமெரிக்க டிரெய்லர்காரர்களிடம் புழங்குகிறது. எந்த நாட்டில் செய்தது என்பதை மட்டும் வைத்துத் தள்ளுவது சரியல்ல. அந்தப் பெயர் வாங்கிய டயர்களில் பல, 40 பவுண்டு மிச்சத்தோடு வேலைக்கு அனுப்பப்பட்டவை. ஆனாலும் வித்தியாசம் இருக்கிறது. குட்இயர் 2017-ல் தன் பழைய மாரத்தானுக்குப் பதிலாகக் கொண்டுவந்த எண்டூரன்ஸ், அமெரிக்காவிலேயே தயாராகி 'என்' (87 மைல்) என்ற வேக எழுத்தோடு வருகிறது. டிரெய்லர் வைத்திருப்போரிடம் நல்ல பெயரும் எடுத்திருக்கிறது. கார்லைல் ரேடியல் டிரெயில் எச்டி, மேக்சிஸ் எம்8008 ஆகியவையும் தேடி வாங்கத் தக்கவை. தெரியாத பெயரை எடைபோட ஓர் எளிய அளவுகோல், தயாரிப்பாளரின் விவரத்தாளில் டயரின் சொந்த எடையைப் பார்ப்பது. ஒரே அளவு, ஒரே லோடு ரேஞ்சில் ஒன்று மற்றதைவிட நான்கைந்து பவுண்டு குறைவாக இருந்தால் எங்கோ பொருளைக் குறைத்திருக்கிறார்கள். முழு ஆதாரம் ஆகாது, ஆனால் விலையைவிட நம்பகமான தடயம். வேக எழுத்தை வேகத்துக்கான அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு 55 மைல்தான் சட்டம். மற்ற இடங்களிலும் 65-க்குள் ஓட்டினால் டயரில் சூடு வெகுவாகக் குறையும்.

மாட்டும்போது ஜாக்கியை ஆக்சிலுக்குக் கீழே வைக்காமல் சட்டத்தில் வைக்க வேண்டும். டெக்ஸ்டர் போன்ற ஆக்சில் தயாரிப்பாளர்களே இதை எழுதி எச்சரிக்கிறார்கள், ஆக்சில் குழாய் வளைந்துவிடும். அரை அங்குல ஸ்டட் என்றால் நட்டுகளை நட்சத்திர வரிசையில், முதலில் 20 முதல் 25, பிறகு 50 முதல் 60, கடைசியில் 90 முதல் 120 அடி பவுண்டு என்று மூன்று கட்டமாக டார்க் ரெஞ்ச் கொண்டு இறுக்க வேண்டும். 10, 25, 50 மைல் ஓடியபின் ஒவ்வொரு முறையும் நிறுத்தி மறுபடி சோதிக்க வேண்டும். டிரெய்லருக்கு பேலன்ஸ் தேவையில்லை என்று சொல்லும் கடையில் வற்புறுத்திக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். அதிர்வு டயரையும் பேரிங்கையும் சேர்த்தே தின்னும்.

காற்றழுத்த சென்சார் வாங்குவது டயருக்குச் செய்யும் செலவில் மிகப் பயனுள்ளது. ஓட்டுநர் இருக்கையில் இருப்பவருக்கு டிரெய்லரின் பின் டயர் தட்டையானது தெரியவே தெரியாது. குளிர்ந்த அளவைவிட 10 சதவீதம் குறைந்தால் அலறும்படி வைத்துக்கொள்ளலாம்.

அப்படியும் ஒரு டயர் போய்விட்டால், அதை மட்டும் மாற்றிவிட்டுப் புறப்படுவது வழக்கம். வண்டி நிற்கும்வரை அந்தப் பக்கத்துச் சுமை முழுவதையும் தாங்கியது அதே பக்கத்தில் இருந்த இன்னொரு டயர். 1,700 பவுண்டு சுமந்தது சில மைல் தூரம் 3,400 சுமந்திருக்கும். வெளியே கீறல்கூடத் தெரியாது, உள்ளே பெல்ட் நலிந்திருக்கும். ஸ்டெப்னியைப் போட்டு மெதுவாக அருகில் இருக்கும் கடைக்குப் போய், அந்த இரண்டாவது டயரையும் சேர்த்து மாற்றிக்கொள்ள வேண்டும்.